சாந்திக் கல்யாண வீட்டில் எழுந்த கேள்விகள்: பௌத்தம் குறித்துச் சில அனுபவங்கள்

காரைக்குடியிலிருந்து ஒரு தணிக்கையாளர்:

சென்ற ஆண்டு விபஸ்ஸனா என்னும் பௌத்தத் தியானத்தைக் கற்பிக்கும் பத்து நாள் முகாம் ஒன்றில் இருந்துவிட்டுத் திரும்பிய மறுவாரமே, கானாடுகாத்தானில் எங்கள் பங்காளி வீட்டில் சாந்திக் கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்) வந்தது. முகப்பில் உட்கார்ந்திருந்த பெரியப்பச்சி (பெரியப்பா) என்னை அருகில் அழைத்து, "என்னப்பா, சாமியை விட்டுட்டியாமே?" என்று கேட்டார்கள். மதம் மாறும்படி அங்கே யாரும் சொல்வதில்லை என்றும், ஆனால் அந்தப் பத்து நாளும் மந்திரம், பூசை, திருநீறு எல்லாவற்றையும் ஒதுக்கிவைக்கச் சொல்கிறார்கள் என்றும் மறைக்காமல் சொன்னேன். "பத்து நாளும் திருநீறு இல்லையா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவர்கள் வெகுநேரம் பேசவில்லை. பிள்ளையார்பட்டிக் கோயிலைச் சேர்ந்த எங்கள் செட்டியார் குடும்பத்தில் பொழுது விடிவதே திருநீற்றில்தான் என்பதால், அந்த மௌனம் என்னை மிகவும் வருத்தியது.

பந்தி முடிந்து வெற்றிலை போடும் வேளையில் கேள்விகள் தொடர்ந்தன. கடவுள் இல்லை என்றாரா புத்தர் என்று ஒருவர் கேட்டார். படைத்துக் காக்கும் ஒருவரின் அருளால்தான் விடுதலை கிடைக்கும் என்று புத்தர் சொல்லவில்லை. பாலி மொழியில் உள்ள பழைய பௌத்த நூல்களில் தேவர்கள் வருகிறார்கள் என்றாலும் அவர்களும் பிறந்து இறப்பவர்களே. கோழிக்குழம்பை விட்டுவிட வேண்டுமா என்று ஆச்சி ஒருவர் கேட்டார்கள். முகாமில் சைவ உணவுதான். ஆனால் இலங்கையிலும் பர்மாவிலும் வழங்கும் தேரவாதப் பௌத்த விதிப்படி, தமக்கென்று கொல்லப்பட்டதைப் பார்த்தோ கேட்டோ ஐயுற்றோ இராத இறைச்சியைப் பிக்கு (பௌத்தத் துறவி) ஏற்கலாம். கொல்வதுதான் முதல் சீலத்தை, அதாவது கொல்லாமை என்ற ஒழுக்க நெறியை, முறிக்கும்.

இவற்றுக்கெல்லாம் எளிதில் விடை சொல்லிவிட்டேன். என் தம்பி மகன் கேட்டதற்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. கைப்பேசி வழியே சிறுகடன் கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் அவன் சென்னையில் வேலை பார்க்கிறான். "வட்டிக்குக் கொடுப்பது பௌத்தத்தில் தவறா, பெரியப்பச்சி?" என்றான். புத்தர் காட்டிய எண்வகை வழியில் ஐந்தாவதாக வரும் நல்வாழ்க்கை என்பது பிழைக்கும் தொழிலைப் பற்றியது. படைக்கலம், உயிர்கள், இறைச்சி, மது, நஞ்சு ஆகிய ஐந்தையும் இல்லறத்தார் விற்கலாகாது என்று பாலி நூலான அங்குத்தர நிகாயம் சொல்கிறது. அந்தப் பட்டியலில் வட்டி இல்லை. சிகாலன் என்ற இளைஞனுக்குப் புத்தர் சொன்ன அறிவுரையோ வட்டிக்கடையில் தொழில் பழகும் நம் பெட்டியடிப் பையன்களுக்குச் சொன்னதுபோல இருக்கிறது: வருவாயை நான்கு பங்காக்கி, ஒன்றைத் துய்க்கவும், இரண்டைத் தொழிலில் இடவும், நான்காவதை இடர்க்காலத்துக்குச் சேர்த்துவைக்கவும் சொல்கிறார். பணம் ஈட்டுவதைப் பௌத்தம் வெறுக்கிறது என்று எண்ணுவோர் இதைப் படிக்க வேண்டும். ஆனால் இன்னொரு பாலி நூலான மஜ்ஜிம நிகாயத்தில், தவறான பிழைப்புகளைச் சொல்லும் இடத்தில், "ஆதாயத்தைக் கொண்டு ஆதாயம் தேடுவது" என்றும் ஒரு தொடர் வருகிறது. அது துறவிகளுக்குச் சொன்னது என்று உரைகாரர்கள் சொன்னாலும், பரம்பரையாக வட்டிக்கடை நடத்திய குடும்பத்தில் பிறந்த எனக்கு அதை எளிதில் கடந்துபோக இயலவில்லை.

அன்று மாலை அவனை எங்கள் வீட்டு இரண்டாங்கட்டு அறைக்கு அழைத்துச் சென்று, பெட்டகத்தைத் திறந்தேன். ஐயா (என் தாத்தா) ரங்கூனிலிருந்து கொண்டுவந்த புத்தர் சிலை அதில் இருக்கிறது. வெள்ளைச் சலவைக்கல், முக்கால் அடி உயரம். வலக்கை விரல்கள் முழங்காலைத் தாண்டி இறங்கித் தரையைத் தொடுகின்றன; ஞானம் பெறவிடாமல் மாரன் என்ற தீய சக்தி வந்து மறித்தபோது புத்தர் பூமியைச் சாட்சிக்கு அழைத்த கோலம் அது. மேலாடையின் ஓரத்தில் பூசிய பொன் வண்ணம் மடிப்புகளின் உட்புறத்தில் மட்டும் மிஞ்சியிருக்கிறது. அப்பத்தா அதைப் "பர்மாக்காரன் சாமி" என்று சொல்லி, பொங்கலுக்குப் பொங்கல் துடைத்து வைப்பார்கள்.

சிலைக்குக் கீழே ஐயாவின் பர்மா வட்டிக்கடைப் பேரேடு இருந்தது. தலைப்பில் பிள்ளையார் சுழி. அதன்கீழ் மாங் என்றும் கோ என்றும் மா என்றும் தொடங்கும் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் நேராக அசல், வட்டி, தவணை. 1932க்குப் பிறகு பல பெயர்களுக்கு எதிரே "நிலம் எழுதி வாங்கியது" என்று இருக்கிறது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை வீழ்ந்தபோது, கீழ்ப் பர்மாவின் 13 முதன்மை நெல் மாவட்டங்களில் 1930இல் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலவுடைமை 1938இல் 25 விழுக்காடானது. நிலம் வேண்டுமென்று ஐயா கடன் கொடுக்கவில்லை. ஐயாவுக்கு வேண்டியது பணம்தான். 1948இல் பர்மா விடுதலை பெற்ற பிறகு அந்த நிலமும் கையை விட்டுப் போயிற்று. அந்த இழப்பைப் பற்றி எங்கள் வீட்டில் எழுபது ஆண்டுகளாகப் பேசியிருக்கிறோம். பேரேட்டில் உள்ள பெயர்களுக்கு உரியவர்கள் இழந்ததைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை.

தம்பி மகன் அந்தப் பெயர்களை மெதுவாக, ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தான். பிறகு, "எங்கள் திரையில் பெயர்கூட வராது பெரியப்பச்சி, எண் மட்டும்தான் வரும்" என்றான்.

நான் கற்ற முறையை இந்தியாவில் பரப்பிய சத்யநாராயண் கோயங்கா 1924இல் மாண்டலேயில் பிறந்த வணிகர். அவருக்குக் கற்பித்த ஊ பா கின், விடுதலை பெற்ற பர்மாவின் முதல் தலைமைக் கணக்காயர். தம் அலுவலகத்திலேயே ஊழியர்களுக்குத் தியானம் சொல்லிக்கொடுத்தவர். கணக்கு எழுதும் ஒருவரிடமிருந்து வந்த பயிற்சி என்பது, கணக்குப் பார்த்தே பிழைக்கும் எனக்குப் பெரிய ஆறுதல். இல்லறத்தில் இருந்துகொண்டு இதைச் செய்ய முடியுமா என்று கேட்போருக்கு அவரையே நான் காட்டுகிறேன்.

தேவகோட்டையிலிருந்து ஒரு கல்லூரிப் பேராசிரியை:

எங்கள் வீட்டுப் படைப்பின்போது என் ஆச்சி (அக்கா) மகள் கேட்டதைப் பகிர்ந்துகொள்கிறேன். பெங்களூரில் பணிபுரியும் அவள், அலுவலகத்தில் நடந்த மனஒருமைப் பயிற்சியின் வழியே பௌத்தத்தைப் படிக்கத் தொடங்கியவள். முன்னோர்க்கு இலை போட்டு, புடவையும் வேட்டியும் வைத்து எல்லோரும் விழுந்து கும்பிட்டு எழுந்ததும், "நிலையான ஆன்மா இல்லை என்றால் இந்த இலை யாருக்கு, சின்னாத்தா?" என்று காதோடு கேட்டாள்.

ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றும்போது எதுவும் இடம்பெயராமலே சுடர் தொடர்வதுபோலத்தான் மறுபிறப்பு என்று மிலிந்த மன்னனுக்கு நாகசேனர் என்ற பிக்கு சொன்ன விடையை அவளுக்குச் சொன்னேன். அது அவள் அறிவுக்குப் போதுமானதாக இருந்தது. ஆயாவின் (பாட்டியின்) புடவையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவளுக்குப் போதவில்லை. அப்போது பாலி நூல்களில் உள்ள திரோகுட்ட சுத்தம் நினைவுக்கு வந்தது. இறந்த உறவினர் தம் பழைய வீட்டுச் சுவருக்கு வெளியிலும் வாசற்படி ஓரத்திலும் வந்து நிற்பதாகவும், அவர்களை நினைத்துக் கொடுக்கப்படும் தானம் அவர்களுக்குப் பயன்படுவதாகவும் அது சொல்கிறது. பர்மாவிலும் இலங்கையிலும் தானம் செய்தபின் ஒரு கலத்திலிருந்து மெல்ல நீர் வார்த்து, அப்புண்ணியத்தை இறந்தவர்களோடு பகிர்ந்துகொள்ளும் வழக்கம் இன்றும் இருக்கிறது. இதைக் கேட்டபின் அவள் புடவையை மடித்துப் பெட்டியில் வைத்தாள். ஆன்மாவை மறுத்த ஒரு நெறி, இறந்தவரை நினைக்கும் கடமையைக் கைவிடவில்லை என்பதை நானும் அன்றுதான் முழுமையாக உணர்ந்தேன்.

சிவகங்கை மாவட்டச் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு பள்ளி ஆசிரியர்:

மேலே எழுதியவர்களை மதிக்கிறேன். ஆனால் எங்கள் குடும்பம் பௌத்தத்துக்கு வந்த வழி வேறு. என் தாத்தா இந்தப் பகுதியின் பெரிய வீடுகளுக்குச் சுண்ணாம்பு அரைத்தவர். கண்ணாடிபோல் முகம் தெரியும் அந்தச் சுவர்களில் அவருடைய உழைப்பு இருக்கிறது. பூசி முடித்த வீட்டின் வளவுக்குள் (உள்முற்றத்துக்குள்) அவர் ஒருநாளும் போனதில்லை.

அண்ணல் அம்பேத்கர் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் பௌத்தம் ஏற்றபோது அவருக்குச் சரணமும் சீலமும் அளித்த சந்திரமணி மகாதேரரும் பர்மாவில் பிறந்தவர்தான். தமிழ்நாட்டில் அதற்கும் முன்பே, 1898இல், அயோத்திதாசப் பண்டிதர் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கிவிட்டார். ஆகவே, "இந்தக் காலத்தில் பௌத்தம் எதற்கு, மனஅமைதிக்கா?" என்று கேட்போரிடம், சமமான மனிதராக நிற்பதற்கு என்றே சொல்கிறேன்.

பிள்ளையாரையும் சேர்த்துக் கும்பிடலாமா என்று கேட்கிறார்கள். இந்துக் கடவுளரை வணங்கமாட்டேன் என்பதும் அடங்கிய, அம்பேத்கர் வகுத்த 22 உறுதிமொழிகளை ஏற்ற எங்களால் அது இயலாது. தணிக்கையாளர் ஐயா வீட்டில் பிள்ளையாரும் புத்தரும் இருக்கலாம். அந்த வேறுபாட்டை மழுப்ப வேண்டியதில்லை. எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் இன்னொரு கேள்வி இடஒதுக்கீடு பற்றியது. மகளின் சாதிச் சான்றிதழுக்காகச் சென்ற ஓர் அலுவலகத்தில், பௌத்தர் என்று எழுதினால் பட்டியல் சாதிச் சான்று கிடைக்காது என்று திருப்பி அனுப்பினார்கள். பட்டியல் சாதியினருக்கான ஆணை 1990இல் திருத்தப்பட்டு, பௌத்தம் தழுவியோரும் அதில் சேர்க்கப்பட்டுவிட்டனர். சட்டத்தின் நகலோடு மூன்றாம் முறை சென்றபோதுதான் விண்ணப்பத்தை வாங்கினார்கள். மதம் மாற எண்ணித் தயங்குவோர் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

காரைக்குடித் தணிக்கையாளர், மறுமொழியாக:

ஆசிரியர் ஐயா, எங்கள் சுவர்களுக்குச் சுண்ணாம்பு அரைத்தவர்களின் பெயர் ஒன்றுகூட எங்கள் கணக்கில் இல்லை. நேற்றிரவு தேடிப் பார்த்துவிட்டேன். கூலி என்று ஒரு மொத்தத் தொகைதான் இருக்கிறது. பேராசிரியை அவர்கள் சொன்ன நீர் வார்க்கும் வழக்கம் பற்றித் தம்பி மகனிடம் பேசினேன். பேரேட்டில் நிலம் எழுதிக்கொடுத்தவர்களின் பெயர்களை அவன் தனித்தாளில் எழுதியிருக்கிறான், 41 பெயர்கள். வரும் வைகாசிப் பௌர்ணமியன்று ஒரு தானம் செய்து, அவற்றைச் சொல்லி நீர் வார்க்க எண்ணியிருக்கிறோம். திருநீறு பற்றிக் கேட்ட பெரியப்பச்சியும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் வட்டிக்கடை மேலாள் காதில் விழுந்தபடி தமிழில் எழுதிய பெயர்கள் என்பதால் உச்சரிப்பில் பிழை இருக்கக்கூடும். பர்மாவில் வாழ்ந்து பர்மிய மொழி தெரிந்த பெரியவர்கள் இங்கே இருந்தால், ஒருமுறை படித்துத் திருத்தித் தர வேண்டுகிறேன்.