பல்லடம், சோமனூர் பக்கம் ஏஏ (குடிய விட நெனக்கறவங்க கூடற) மீட்டிங் எங்க நடக்குதுங்க?

வணக்கமுங்க. எங்கண்ணனுக்காகத்தான் கேக்கறேன். தறி ஓட்டறாரு, ரொம்ப வருஷக் குடி. இப்ப ஆஸ்பத்திரில சேர்த்து மாத்திரையோட நிறுத்தியிருக்காங்க. முன்னெல்லாம் காலைல டீ டம்ளர ரெண்டு கையிலயும் புடிச்சாத்தான் வாய்க்குப் போகும், தறில அந்த நூலு முடிச்சுக்கூடப் போட முடியாது, இப்ப அந்த நடுக்கமே இல்லீங்க. ஆனா சனிக்கிழமை சம்பளம் வாங்குனா மொகமே மாறிப்போகுது, கூட்டாளிக போன் வேற, அன்னைக்கு மட்டும் நாங்க யாரும் தூங்கறதில்ல.

டாக்டர் ஏஏங்கற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் மீட்டிங்குக்கு போகச் சொல்றாரு. 1935ல அமெரிக்காவுல குடிய விட நெனச்ச ரெண்டு பேரு ஆரம்பிச்சதாம், பீஸ் கெடையாது, குடிய விடணும்னு நெனப்பிருந்தா போதும்கறாங்க. அண்ணனுக்கு நாலு பேரு முன்னாடி பேசக் கூச்சம், தெரிஞ்சவங்க பாத்துருவாங்களோன்னு பயம், அதனால தமிழ்ல நடக்கற, பஸ்ல போய்ட்டு வர்ற மாதிரி எடமா வேணுமுங்க, திருப்பூரோ சூலூரோ கோயமுத்தூரோ எங்கன்னாலும் சரி, சனி ராத்திரியோ ஞாயித்துக்கெழமையோ இருந்தா ரொம்ப நல்லது. மொதல் தடவ நானும் கூட வரலாமுங்களா? ஓபன் மீட்டிங்னா வீட்டாளுகளும் உக்காரலாம்னு கேள்விப்பட்டேன்.

எங்க நங்கையாளுக்கும் (அண்ணன் சம்சாரத்துக்கு) ஒரு தொணை வேணும், பாவம் அவங்க ஒடஞ்சு போயிட்டாங்க. குடிக்கறவங்க குடும்பத்துக்குன்னு இருக்கற அல்-அனான் இங்க பக்கத்துல நடக்குதுங்களா?

போய்ட்டு இருக்கறவங்க, பேர் சொல்ல வேண்டாம், எடமும் நேரமும் மட்டும் இன்பாக்ஸ்ல சொல்லுங்க. இந்த சனிக்கிழமைக்குள்ள தெரிஞ்சா கூட்டிட்டுப் போயிருவேன்.