வண்டி திக்குது, இழுவை இல்லை: சாமானை மாத்துறதுக்கு முன்னாடி எப்போ திக்குதுன்னு பாருங்க

அம்பாசமுத்திரம்:
150 சிசி, கார்ப்பரேட்டர் வண்டி, 48,000 கிலோமீட்டர் ஓடியிருக்கு. காலையில உடனே ஸ்டார்ட் ஆகும். 15 கிலோமீட்டர் தாண்டினதும் திக்கும், பாபநாசம் ஏத்தத்துல மூணாவது கியர்லயே மூச்சு வாங்குது. பிளக், ஏர் ஃபில்டர் ரெண்டும் மாத்தியாச்சு. அடுத்து கார்ப்பரேட்டரையே மாத்தச் சொல்லுதாங்க. மாத்தலாமா அண்ணாச்சி?

பாளையங்கோட்டை:
இப்போ மாத்தாதீங்க. குளிர்ந்த எஞ்சின் நல்லா ஓடி, 15 கிலோமீட்டருக்குப் பிறகுதான் திக்குதுன்னா பாதி விடையை வண்டியே சொல்லிட்டு.

முதல்ல குத்தம் எஞ்சின்லதானான்னு பாத்துக்கிடுங்க. ஏத்தத்துல எஞ்சின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறலைன்னா கிளட்ச் வழுக்குது. லீவர் நுனியில 10 முதல் 20 மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கணும். கார் ஆயில் ஊத்தினாலும் வழுக்கும். ஆயில் டப்பாவுல ஜாசோ எம்ஏ (பைக் கிளட்சுக்கு ஏத்த ஆயில்ங்கிற) முத்திரை இருக்கணும். அப்புறம் சென்டர் ஸ்டாண்டு போட்டு, நியூட்ரல்ல பின்சக்கரத்தைக் கையால சுத்துங்க. உடனே நின்னா பிரேக் பிடிச்சுக்கிட்டு இருக்கு.

இது ரெண்டும் இல்லைன்னா, அடுத்த தடவை திக்கி நின்ன உடனே டேங்க் மூடியைத் திறங்க. ‘புஸ்’னு காத்து உள்ளே போய், வண்டி மறுபடி நல்லா ஓடினா மூடியில உள்ள காத்துத் துவாரம் அடைச்சிருக்கு. பெட்ரோல் குறையக் குறைய உள்ளே வெற்றிடம் உண்டாகி, கீழே இறங்குற பெட்ரோலை இழுத்துப் பிடிச்சிரும். எஞ்சின் ஆறின பிறகு, டியூபைக் கழட்டி பாட்டில்ல விட்டும் பாக்கலாம். முதல்ல நல்லா விழுந்து, போகப்போக நூலா ஒழுகினா துவாரமோ, டேங்க் அடியில உள்ள பெட்ரோல் டேப்போட வடிகட்டியோ அடைப்பு. மூடியைத் திறந்து வச்சு மறுபடி விட்டா எதுன்னு தெரிஞ்சிரும். பக்கத்துல பீடி, தீப்பெட்டி எதுவும் கூடாது.

பெட்ரோல் ஒழுங்கா இறங்குதுன்னா சோக் சோதனை. சோக் இழுத்தா காத்து குறைஞ்சு பெட்ரோல் கூடும். ஆளில்லாத ரோட்டுல, திக்குற வேகத்துலயே சோக்கைப் பாதி இழுங்க. வண்டி தெளிஞ்சா பெட்ரோல் பத்தலை: மெயின் ஜெட் (கார்ப்பரேட்டருக்குள்ள பெட்ரோல் வர்ற பித்தளைத் துவாரம்) அடைப்பு, இல்லைன்னா கார்ப்பரேட்டருக்கும் எஞ்சின் ஹெட்டுக்கும் நடுவுல உள்ள ரப்பர் வெடிச்சுக் காத்து இழுக்குது. இன்னும் மோசமானா பெட்ரோல் கூடுதல், இல்லைன்னா காத்து பத்தலை. ஜெட்டுல கம்பியை விட்டுக் குத்தாதீங்க, பித்தளை ஓட்டை பெருசாகிரும். கிளீனர் அடிச்சு காத்து ஊதினா போதும். பைலட் ஸ்க்ரூவை (ஐடிலிங் கலவையைச் சரி பண்ற ஸ்க்ரூ) கழட்டுறதுக்கு முன்னாடி, முட்டுற வரைக்கும் மெதுவா உள்ளே திருகி, எத்தனை சுத்துன்னு எண்ணி எழுதி வச்சிக்கிடுங்க.

திசையன்விளை:
ஃபில்டர் புதுசுன்னு சொல்லுதீங்க, எங்க பக்கத்துல அது எத்தனை நாளைக்குப் புதுசா இருக்கும்? ஆடிக் காத்துல தேரிக்காட்டுச் செம்மணல் மாவு மாதிரி பறக்கும். புத்தகத்துல போட்டிருக்கிற கிலோமீட்டர்ல பாதியிலயே மாத்தணும். ஆயில் தோய்ச்ச பேப்பர் ஃபில்டரை ஏர் கன்னால ஊதவே கூடாது. ஸ்பான்ஜா இருந்தா மண்ணெண்ணெய்ல அலசி, நிழல்ல காய வச்சு, எஞ்சின் ஆயில் தடவிப் பிழிஞ்சு போடுங்க. ஃபில்டர் பெட்டி மூடியில ரப்பர் சரியா உக்காரலைன்னா செம்மண் நேரா சிலிண்டருக்குப் போயிரும். அப்புறம் பிஸ்டன் ரிங் தேஞ்சு நீலப்புகைதான். கம்ப்ரஷன் கேஜ் (சிலிண்டர் அழுத்தம் பாக்குற கருவி) வச்சு ஒரு தடவை பாத்துட்டு, பிளக் ஓட்டையில ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி வையுங்க. அளவு ஏறினா ரிங் தேய்மானம், ஏறலைன்னா வால்வு கசிவு.

உவரி:
சூடானதும் திக்குறதுக்கு, பிளக்குக்குக் கரண்ட் தர்ற காயிலும் காரணமா இருக்கும். மூடி திறந்தும் சரியாகலைன்னா, திக்கி நின்ன அந்த நேரத்துலயே வேற ஒரு பிளக்கை பிளக் வயரோட கேப்புல மாட்டி, ஹெட்டுல உடம்பு தொட வச்சு கிக் அடிங்க. நீலமாப் பளிச்சுனு அடிச்சா கரண்ட் சரி. மஞ்சளா, விட்டு விட்டு வந்தா காயில், வயர், கேப் மூணையும் சந்தேகப்படணும். ரெசிஸ்டர் கேப் பெரும்பாலும் 5 கிலோ ஓம் காட்டும். வயர் நுனியை 5 மில்லிமீட்டர் வெட்டி மறுபடி திருகினாலே பல வண்டி தெளிஞ்சிருது. கடலோரத்துல உப்புக்காத்து எர்த் வயரைப் பச்சை பூக்க வச்சிரும், அதையும் சுரண்டி இறுக்குங்க.

வள்ளியூர்:
2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புதுப் புகை விதி) வண்டியில பெரும்பாலும் கார்ப்பரேட்டருக்குப் பதிலா இன்ஜெக்டர்தான், அங்கே சோக் சோதனை நடக்காது. சாவி போட்டதும் டேங்குக்குள்ள பம்ப் 2, 3 விநாடி முனகணும். எஞ்சின் விளக்கு எரியலைங்கிறதுக்காக எல்லாம் சரின்னு இல்லை; பம்ப் வடிகட்டியில அழுக்கு சேர்ந்தா பல வண்டியில விளக்கே வராது. இன்னொண்ணு, எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். மழைக்குப் பிறகு கார்ப்பரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டில்ல பிடிச்சு 10 நிமிஷம் வையுங்க. அடியில தனிப் படலம் நின்னா டேங்கை முழுசா வடிக்கணும்.

அம்பாசமுத்திரம்:
மூடியைத் திறந்ததும் ‘புஸ்’னு சத்தம். துவாரத்துக்குள்ள குளவி மண் வச்சு அடைச்சிருக்கு. சுத்தம் பண்ணினதும் ஏத்தம் ஏறுது. ஆனா நல்லா சூடான பிறகு சிக்னல்ல நின்னா ஐடிலிங் நிக்கமாட்டேங்குது. டேப்பட் சத்தம் (வால்வைத் தட்டுற சத்தம்) துளிகூட இல்லை, அது நல்லதுதானே?

பாளையங்கோட்டை:
நல்லதுன்னு நினைச்சுத்தான் நிறைய வால்வு கருகுது. வால்வுக்கும் அதைத் தட்டுற ராக்கருக்கும் நடுவுல உள்ள இடைவெளி இறுகிட்டா எஞ்சின் சூடேறினதும் வால்வு தண்டு நீண்டு, சீட்டுல (வால்வு உக்கார்ற வளையம்) முழுசா உக்காராது. கம்ப்ரஷன் கசியும், ஐடிலிங் விழும். வால்வு தன்னோட சூட்டை சீட்டு வழியாத்தான் இறக்கணும். அது நடக்காம எக்ஸாஸ்ட் வால்வு விளிம்பு எரிஞ்சிரும். லேசான டிக் டிக் சத்தம் இருக்கட்டும்.

ராத்திரி முழுக்க ஆற விட்டு, காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பாருங்க. பிளக்கைக் கழட்டி, மேக்னெட்டை (எஞ்சின் பக்கவாட்டுல உள்ள காந்தச் சக்கரம்) சுத்தி, பிஸ்டன் உச்சியைக் காட்டுற டி குறியை நேரா நிறுத்துங்க. ரெண்டு ராக்கரும் கையில ஆடணும். ஆடலைன்னா அது எக்ஸாஸ்ட் சுத்து, இன்னும் ஒரு முழுச் சுத்து சுத்துங்க. அளவு வண்டிக்கு வண்டி மாறும், பல சின்ன வண்டிகளுக்கு 0.05 முதல் 0.10 மில்லிமீட்டர், உங்க வண்டிப் புத்தகத்தைப் பாத்தே வையுங்க. ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்குற தகடு) லேசா உரசிக்கிட்டு நகரணும். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே திரும்பிரும், அதனால இறுக்கின பிறகு இன்னொரு தடவை கேஜ் விட்டுப் பாத்துட்டு மூடியைப் போடுங்க.