எஞ்சினைப் பிரித்து உட்பாகங்களை மாற்றியபோது மறக்க முடியாமல் போனது எது?

மினி போன்ற பழைய பிரிட்டிஷ் கார்களில் வந்த 1275 சிசி ஏ சீரிஸ் எஞ்சின். ரீபோர் (சிலிண்டரைச் சற்றுப் பெரிதாகக் கடைவது), அடிமுகத்தைச் சீவி ஃபேஸ் போட்ட ஹெட், வால்வுகளை அதிகம் திறக்கும் கூடுதல் லிஃப்ட் உள்ள கேம்ஷாஃப்ட் என வழக்கமான மாற்றங்கள்தாம். பிஸ்டன் தலையில் களிமண் வைத்து வால்வு இடைவெளியைச் சோதித்தேன், தாராளமாகவே இருந்தது. ஹெட்டை இறுக்கிவிட்டு, பிளக்குகள் இல்லாமல் கிராங்கைக் கையால் சுற்றியபோது, ஓரிடத்தில் ஸ்பானர் மெதுவாக நின்றது. புது ரிங்குகளின் இறுக்கம் என்று எண்ணி இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். அந்த ஓர் அழுத்தம் இன்றும் கையில் இருக்கிறது. ஹெட்டைக் கழற்றினால் பிஸ்டனில் ஒரு கீறலும் இல்லை. சிலிண்டர் வாயை ஒட்டி, பிளாக்கின் விளிம்பில், வெட்டிப் போட்ட நகம்போல் ஒரு பிறைத்தடம் பளபளத்தது. இந்த எஞ்சினில் எக்ஸாஸ்ட் வால்வின் ஓரம் சிலிண்டர் சுவரைத் தாண்டிப் பிளாக்கின் மேல் நிற்கிறது என்பதும், மினியின் வேகமான மாடலான கூப்பர் எஸ்ஸின் பிளாக்குகளில் அவ்விடத்தில் குழி வெட்டியிருப்பது ஏன் என்பதும் அப்போதுதான் விளங்கின.

*

முதலில் எழுதியவர் கேம்ஷாஃப்ட்டைச் சொல்கிறார். ஹெட்டில் எவ்வளவு சீவினார் என்பதைச் சொல்லவில்லை. சீவிய அளவு முழுவதும் வால்வு பிளாக்கை நெருங்கும் அல்லவா? என் கதை சிறியது: புது கேம்ஷாஃப்ட் போட்டு, கார்புரேட்டரைச் சரிசெய்வதற்காக ஐடிலில் ஓடவிட்டேன், ஒரு லோப் (வால்வைத் திறக்கவைக்கும் கேமின் புடைப்பு) தேய்ந்து மொட்டையாகிவிட்டது. ஆகவே கேளுங்கள்: புது கேமுக்குப் பழைய டேப்பெட்டை, அதாவது லோப்பின் மேல் அமர்ந்து அதன் அசைவை வால்வுக்குக் கடத்தும் துண்டை, போடாதீர்கள். டேப்பெட்டின் அடிமுகத்தில் கண்ணுக்குத் தெரியாத மேடும், லோப்பில் சிறு சரிவும் இருப்பதால்தான் டேப்பெட் சுழன்றுகொண்டே தேய்மானத்தைப் பகிர்ந்துகொள்கிறது. பழைய டேப்பெட்டில் அந்த மேடு தேய்ந்திருக்கும். ஸ்டார்ட் ஆனவுடன் 2000 ஆர்பிஎம்முக்குக் குறையாமல், வேகத்தைச் சற்று ஏற்றியிறக்கி, 20 நிமிடம் ஓட்டுங்கள். கிராங்க் சிதறும் ஆயில்தான் லோப்புகளை நனைக்கிறது, ஐடிலில் அது போதாது. துத்தநாகச் சேர்மம் உள்ள ஆயிலையே ஊற்றுங்கள்.

*

டேப்பெட்டைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை. இருந்தாலும், வால்வுகளுக்கு இரட்டை ஸ்பிரிங் போட்டவர்கள் அந்த 20 நிமிடத்துக்கு உள் ஸ்பிரிங்கைக் கழற்றி, லோப்பின் மேலுள்ள அழுத்தத்தைக் குறைப்பது நல்லது. நான் கழற்றாமல் ஓட்டி இரண்டு லோப்புகளை இழந்தேன்.

*

முதலில் எழுதியவன் நான்தான். ஹெட்டில் சீவியது 1 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். கணக்கில் அதை விட்டது என் பிழையே. வால்வு வளையவில்லை, ஆனாலும் மாற்றினேன். என் பிளாக்கிலும் குழி வெட்டும்போது இரும்புத்தூள் பேரிங்குகளுக்குள் போய்விடும் என்பதால், கட்டி முடித்த எஞ்சினைக் கடைசி போல்ட் வரை மறுபடியும் பிரித்தேன்.