தோட்டத்துக் கதையில் டி அன்ட் டி: முதல் லெவல் கேரக்டர்களை எப்படிக் கட்டுவது?

பகடைக்காரன்_ஹட்டன்

எல்லோருக்கும் வணக்கம். ஆளுக்கொரு கேரக்டராகப் பகடை உருட்டிக் கதை ஆடும் டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ் (டி அன்ட் டி) ஐந்தாம் பதிப்பு (2014 புத்தகம்) வைத்து ஐந்து பேருக்குக் கதை நடத்தப் போகிறேன். நாலு பேருக்கு இதுதான் முதல் ஆட்டம். ஏழு பகடை உள்ள செட் ஒன்றுதான் கையில் இருக்கிறது. முதல் நாளுக்கு மூன்று மணித்தியாலம் கிடைக்கும்.

களம் 1872, இலங்கை மலையகத்தில் டிக்கோயாப் பக்கம் ஒரு தோட்டம். எல்லோரும் மனிதர்கள், ஆனால் மந்திரமும் பேயும் உண்டு. கேரக்டர்கள்: கொழுந்து எடுக்கும் பொண்ணு, கணக்கப்பிள்ளை, காமன் கூத்து ஆடுபவர், ரோதமுனி சாமிக்குப் பூசை வைக்கும் பூசாரி, காட்டுப்பாதை தெரிந்தவர்.

சிக்கல் மூன்று.

ஒன்று, பலம், லாவகம், புத்தி போன்ற ஆறு திறமைக்கும் ஸ்கோர் எடுக்க, நாலு ஆறுமுகப் பகடை உருட்டிக் குறைந்ததைக் கழிக்கும் முறையில் ஒருவருக்கு 17, 15, 14, 13, 12, 12 விழுந்தது. இன்னொருவருக்கு 12, 11, 10, 9, 8, 7. இப்படியே ஆடலாமா?

இரண்டு, கொழுந்து எடுப்பதையும் கணக்கு எழுதுவதையும் தனித்தனி கிளாஸாக (கேரக்டரின் ஆட்ட வகையாக) எழுத வேண்டுமா?

மூன்று, கவ்வாத்துக் கத்தி (தேயிலைச் செடி நறுக்குவது), கம்பளி போன்றவற்றுக்கு டேமேஜும் ஆர்மர் கிளாஸும் (அடி எவ்வளவு, தற்காப்பு எவ்வளவு என்ற எண்கள்) எப்படிப் போடுவது?

கேரக்டர்ஷீட்_பண்டாரவளை

முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன் தம்பி. மற்றதைத் தெரிந்தவர்கள் சொல்வார்கள்.

ஆட்டத்தில் வேலை செய்வது ஸ்கோர் இல்லை, பகடையில் விழுந்ததோடு கூட்டும் மொடிஃபயர்தான். ஸ்கோரில் 10ஐக் கழித்து, இரண்டால் வகுத்து, கீழ்ப்பக்கமாக முழு எண்ணாக்குங்கள். முதல் ஆளுக்கு +3, +2, +2, +1, +1, +1; கூட்டினால் +10. இரண்டாவது ஆளுக்கு +1, 0, 0, -1, -1, -2, கூட்டினால் -3. ஆளாளுக்குத் தங்கள் சிறந்த திறமையை வைத்து இருபதுமுகப் பகடையில் 15ஐ எட்டப் பார்த்தால், ப்ரொஃபிஷியன்சி (பயிற்சிக்கான கூட்டல்) +2 சேர்த்து முதல் ஆளுக்கு 55 வீதம், மற்றவருக்கு 45 வீதம். இது தாங்கக்கூடிய வித்தியாசம். ஆனால் ப்ரொஃபிஷியன்சி இல்லாத, ஆகப் பலவீனமான இடத்தில் 35 வீதத்துக்கு 20 வீதம். ஒவ்வொரு சேவிங் த்ரோவிலும் (ஆபத்திலிருந்து தப்ப உருட்டுவது) அடிபடப் போவது அந்தப் பிள்ளைதான். புதிதாக ஆட வருகிறவரை அப்படி உட்கார வைக்காதீர்கள்.

நேரத்தையும் பாருங்கள். ஒரே ஒரு ஆறுமுகப் பகடை என்றால் ஓர் ஆளுக்கு 24 தடவை, ஐந்து பேருக்கு 120 தடவை உருட்ட வேண்டும். எல்லோருக்கும் ஒரே தயார் எண்களான ஸ்டான்டர்ட் அரே கொடுத்துவிடுங்கள்: 15, 14, 13, 12, 10, 8. யாரும் எதையும் உருட்டத் தேவையில்லை.

ஆனாலும் எல்லோரும் மனிதர்கள் என்கிறீர்கள். அப்படியானால் 27 புள்ளியைச் செலவழித்து ஸ்கோர் வாங்கும் முறை அதைவிட நல்லது. சாதாரண மனிதருக்கு ஆறு ஸ்கோரிலும் +1 வரும். ஸ்கோர் இரட்டைப்படையாகும்போதுதான் மொடிஃபயர் ஏறும். ஆகவே ஒற்றைப்படையாக வாங்குங்கள், +1 வந்து இரட்டையாக்கிவிடும். விலை: 8க்கு 0, 9க்கு 1, 10க்கு 2, 11க்கு 3, 12க்கு 4, 13க்கு 5, 14க்கு 7, 15க்கு 9. நான் சொல்வது 15, 13, 13, 13, 9, 9. செலவு 26. மனிதருக்கான +1 சேர்ந்ததும் 16, 14, 14, 14, 10, 10 ஆகும், ஒரு மைனஸும் இல்லை. மிஞ்சும் 1 புள்ளியைத் தேடி அலைய வேண்டாம். ஒற்றைப்படை எண்களின் விலை எல்லாம் ஒற்றைப்படை, அப்படி ஆறைக் கூட்டினால் இரட்டைப்படைதான் வரும். 27இல் ஒன்று எப்போதும் மிஞ்சத்தான் செய்யும்.

கொன்ஸ்டிடியூஷனை (உடல் உறுதி) மட்டும் யாரும் குறைக்க விடாதீர்கள். உதாரணம் விஸார்ட் (மந்திரவாதி கிளாஸ்). முதல் லெவலில் உயிர்ப்புள்ளி 6 கூட்டல் கொன்ஸ்டிடியூஷன் மொடிஃபயர். 12 வைத்தால் 7. ஒரு கொப்ளின் (சின்ன எதிரிப் பூதம்) இருபது போட்டால் இரண்டு ஆறுமுகப் பகடை கூட்டல் 2, அதிகபட்சம் 14. ஏழு போய்ப் பூச்சியத்துக்கு வந்த பிறகும் ஏழு மிச்சம். மிச்ச டேமேஜ் முழு உயிர்ப்புள்ளிக்குச் சமமாகவோ கூடவோ இருந்தால் அந்த இடத்திலேயே மரணம், உயிர் பிழைக்க உருட்டும் டெத் சேவ்கூடக் கிடையாது. அதே கொன்ஸ்டிடியூஷன் 14 என்றால் உயிர்ப்புள்ளி 8, மிச்சம் 6. ஆள் விழுவார், ஆனால் தூக்கி எழுப்பலாம்.

மலைச்சாரல்_பதுளை

எண்ணுக்குப் போவதற்கு முன் ஆண்டைச் சரி பாருங்கள். 1872இல் டிக்கோயாவில் கோப்பிதான். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துர தோட்டத்தில் தேயிலை வைத்தது 1867இல், அதுவும் 19 ஏக்கர். கோப்பி இலைத் துரு நோய் 1869இல் வந்து, அதற்குப் பிந்திய வருடங்களில்தான் தோட்டங்கள் தேயிலைக்கு மாறின. உங்கள் பொண்ணு 1872இல் கூடையில் போடுவது கோப்பிப் பழமாக இருக்கும். கொழுந்துக் கூடையும் கவ்வாத்துக் கத்தியும் ரோதமுனியும் வேண்டும் என்றால் கதையை 1890க்கு நகர்த்துங்கள். ரோதமுனி ஸ்டோரில் (தேயிலைத் தொழிற்சாலையில்) சுற்றும் ரோதையோடு (சக்கரத்தோடு) வந்த சாமி இல்லையா! ரயிலும் கிடைக்கும்: 1884இல் ஹட்டன், 1885இல் நானுஓயா. பண்டாரவளைக்கு 1894இல்தான் வருகிறது, அதனால் ஊவாப் பக்கம் போக நடைதான். காட்டுப்பாதை தெரிந்தவருக்கு அங்கேதான் வேலை.

இரண்டாவது கேள்விக்கு என் பதில்: புது கிளாஸ் எழுதவே எழுதாதீர்கள். கிளாஸ் என்பது 20 லெவலுக்கான கட்டமைப்பு, ஒன்று பிசகினாலும் மற்ற நாலு பேரின் ஆட்டம் கெடும். தோட்டம் வர வேண்டிய இடம் பேக்கிரவுண்ட், அதாவது கேரக்டரின் முந்திய வாழ்க்கை. இரண்டு ஸ்கில், கருவியோ மொழியோ மொத்தம் இரண்டு, ஒரு விசேஷ வசதி, கொஞ்சம் சாமான். இவற்றை நாமே தெரிவு செய்து புதிதாக அமைக்கப் புத்தகமே இடம் தருகிறது.

கொழுந்து எடுப்பவருக்கு அத்லெட்டிக்ஸ், பெர்செப்ஷன். நாள் முழுக்கத் தலைக்கயிற்றில் கூடையோடு சரிவில் ஏறி இறங்கும் உடம்பு. ரெண்டு இலையும் மொட்டும் எது, முற்றல் எது என்று பார்த்த மாத்திரத்தில் பிரிக்கும் கண். கூடவே சிங்களம், மூலிகைப் பெட்டி. வசதிக்குப் புத்தகத்து ஃபோக் ஹீரோ பேக்கிரவுண்டில் இருக்கும் அடைக்கலத்தை எடுங்கள்: எந்தத் தோட்டத்து லயத்திலும் ஒரு காம்பராவில் ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கும், உயிருக்கு ஆபத்து வராதவரை காட்டிக்கொடுக்க மாட்டார்கள். கணக்கப்பிள்ளைக்கு இன்வெஸ்டிகேஷன் (துருவி ஆராய்தல்), இன்சைட் (மனதை அறிதல்), ஆங்கிலம், எழுதுகருவி. ஆங்கிலத்தை இலவசமாக எல்லோருக்கும் கொடுத்துவிடாதீர்கள். துரையின் கடிதத்தை வாசிக்கக்கூடியவர் ஐந்து பேரில் ஒருவர்தான் என்றால் அந்த ஒரு வரிக்கே மேசையில் மதிப்பு வரும். கூத்தாடுபவருக்குப் புத்தகத்து என்டர்டெய்னர் பேக்கிரவுண்டையும் பூசாரிக்கு அகோலைட்டையும் உள்ளபடியே எடுத்தால் போதும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். தோட்டத்துத் தொழிலாளி என்பதற்காக இன்டெலிஜென்ஸைக் குறைத்து எழுதும் பழக்கத்தை மேசையில் அனுமதிக்காதீர்கள். எழுதப்படிக்க வாய்ப்புக் கிடைக்காதது வேறு, புத்தி வேறு. வாசிக்கத் தெரியாது என்பதை மொழி வரியில் எழுதுங்கள், ஸ்கோரில் எழுதாதீர்கள்.

மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். புது எண் கண்டுபிடிக்க வேண்டாம், புத்தகத்து எண்ணுக்கு நம்முடைய பெயரை வையுங்கள். மடித்துக் கட்டிய கம்பளியும் படங்குச் சாக்கும் லெதர் ஆர்மர் (தோல் கவசம்), 11 கூட்டல் டெக்ஸ்டெரிட்டி (லாவகம்) மொடிஃபயர். அலவாங்கு குவாட்டர்ஸ்டாஃப் (கம்பு), ஒரு கையால் ஆறுமுகப் பகடை, இரு கையால் எட்டுமுகம். கவ்வாத்துக் கத்தி வளைந்திருப்பதால் சிக்கிள் (அரிவாள்) என்று தோன்றும், நாலுமுகப் பகடை. இங்கேதான் தவறும். அந்தப் பொண்ணு ரோக் (பதுங்கி அடிக்கும்) கிளாஸ் என்றால், அதன் கூடுதல் அடியான ஸ்னீக் அட்டாக்குக்கு ஃபினெஸ் (லாவகமாக வீசக்கூடிய) ஆயுதமோ தூர ஆயுதமோ வேண்டும். சிக்கிளுக்கு ஃபினெஸ் கிடையாது. கத்தியை டேகர் (குத்துவாள்) என்று பதிந்துவிடுங்கள்: பகடை அதே நாலுமுகம், ஃபினெஸும் உண்டு, எறியவும் முடியும்.

முன்வரிசையில் நிற்க ஆளில்லாத குழு உங்களுடையது. பூசாரியை லைஃப் டொமெய்ன் கிளரிக் (சாமி அருளால் குணமாக்கும் கிளாஸ்) ஆக்கினால் கனமான கவசம் போடலாம். செயின் மெயில் (இரும்புச் சங்கிலிக் கவசம்) 16, கேடயம் 2, ஆக ஆர்மர் கிளாஸ் 18. ஸ்ட்ரென்த் 13 இல்லாவிட்டால் வேகம் 10 அடி குறையும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். தோட்டத்தில் இரும்புச் சங்கிலி ஏது என்று யாராவது கேட்டால், சாமி இறங்கிய உடம்பு என்று வையுங்கள். பெயர்தான் மாறும், எண் மாறாது.

ரெண்டிலை_கொட்டகலை

நாலு பேர் புதியவர்கள், மூன்று மணித்தியாலம் என்று பார்த்ததும் எனக்கு ஃபேட் அக்சலரேட்டட் என்ற வேறொரு கதை ஆட்டம்தான் ஞாபகம் வருகிறது. அதில் கேரக்டரை அரை மணித்தியாலத்தில் முடிக்கலாம். ஆறு அணுகுமுறை: கவனமாக, புத்தியாக, பகட்டாக, பலமாக, வேகமாக, ஒளிவாக. இவற்றுக்கு +3, +2, +2, +1, +1, 0 என்று பிரித்துக் கொடுத்தால் எண் வேலை முடிந்தது. அதற்குரிய பகடை இல்லாவிட்டால் சாதாரண ஆறுமுகப் பகடை நாலு போதும், லூடோப் பெட்டியில் இருப்பதே காணும். 1, 2 மைனஸ். 3, 4 வெறுமை. 5, 6 பிளஸ்.

நேரம் எடுக்க வேண்டியது கேரக்டரைச் சொல்லும் வரியான ஆஸ்பெக்டுக்குத்தான். "துணிச்சலான பொண்ணு" என்று எழுதினால் ஆட்டத்தில் எதற்கும் உதவாது. "பெரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கூடுவது) முதல் ஆளாக நிற்பவள், கங்காணி பெயர் சொன்னால் வாய் திறக்காதவள்" என்றால் அவளே ஒரு நேரம் அதை உதவிக்கு இழுப்பாள், இன்னொரு நேரம் நீங்கள் அவளுக்கு எதிராக இழுக்கலாம். இரண்டு பக்கமும் வெட்டுகிறதா என்று ஒவ்வொன்றையும் சோதியுங்கள். கேரக்டரின் சிக்கலைச் சொல்லும் ட்ரபிள் ஆஸ்பெக்ட் "அப்பாவின் துண்டுக் கடன் என் தலையில்" போல, யாருக்குக் கொடுக்க வேண்டும் என்ற கேள்வியைத் தானாக எழுப்ப வேண்டும்.

டி அன்ட் டிதான் வேண்டும் என்றாலும் இந்த இரண்டு வரியை ஷீட்டின் மேலே எழுதச் சொல்லுங்கள். அதோடு ஒவ்வொருவரும் தன் இடப்பக்கத்தில் இருப்பவரோடு ஒரு கொடுக்கல் வாங்கலை எழுதட்டும். ஐந்து பேரும் ஏன் ஒன்றாகத் திரிகிறார்கள் என்பதற்கு அப்போது தனிக் காரணம் தேட வேண்டியதில்லை.

பகடைக்காரன்_ஹட்டன்

மூன்று பேருக்கும் மிக்க நன்றி. ஆண்டை 1890 ஆக்கிவிட்டேன். முதல் ஷீட்டை இங்கே போடுகிறேன், பிழை இருந்தால் சொல்லுங்கள்.

மனிதர், ரோக், லெவல் 1, பேக்கிரவுண்ட் கொழுந்து எடுப்பவர். டெக்ஸ்டெரிட்டி 16, கொன்ஸ்டிடியூஷன் 14, விஸ்டம் 14, கரிஸ்மா 14, ஸ்ட்ரென்த் 10, இன்டெலிஜென்ஸ் 10. உயிர்ப்புள்ளி 10. ஆர்மர் கிளாஸ் 14. கவ்வாத்துக் கத்தி +5, டேமேஜ் நாலுமுகம் கூட்டல் 3, ஸ்னீக் அட்டாக் ஓர் ஆறுமுகம். கிளாஸ் ஸ்கில்: ஸ்டெல்த் (பதுங்கல்), டிசெப்ஷன் (ஏமாற்றுதல்), இன்சைட், பெர்செப்ஷன். எக்ஸ்பர்டீஸ் (ப்ரொஃபிஷியன்சி இரட்டிப்பு): ஸ்டெல்த், பெர்செப்ஷன். ஸ்டெல்த் +7. பாஸிவ் பெர்செப்ஷன் (பகடை உருட்டாமலே கவனிக்கும் எண்) 12.

2024 புத்தகத்தில் பேக்கிரவுண்டே ஸ்கோரைக் கூட்டுகிறது என்று ஒரு பிள்ளை சொல்கிறது. அதையும் சேர்க்கலாமா?

கேரக்டர்ஷீட்_பண்டாரவளை

சேர்க்க வேண்டாம். 2024இல் +2, +1 பேக்கிரவுண்டில் வருவது, இனத்திலிருந்து அதை எடுத்துவிட்டதால்தான். 2014 மனிதரின் +1களையும் வைத்துக்கொண்டு அதையும் எடுத்தால் இரண்டு தடவை வாங்கியதாகிவிடும். ஒரு மேசைக்கு ஒரு புத்தகம்.

ஷீட்டில் இரண்டு பிழை. பெர்செப்ஷன் பேக்கிரவுண்டிலேயே கிடைத்துவிட்டது, கிளாஸிலும் அதையே எடுத்திருக்கிறாள். ஒரு ஸ்கில் வீணாகிறது. அதற்குப் பதில் ஸ்லைட் ஆஃப் ஹேண்ட் (கைவேகம்) கொடுங்கள். ரெண்டு கையாலும் கொழுந்து கிள்ளுகிற விரலுக்குப் பொருந்தும். எக்ஸ்பர்டீஸ் பெர்செப்ஷனிலேயே இருக்கட்டும், ப்ரொஃபிஷியன்சி எங்கிருந்து வந்தாலும் அதற்குப் பிரச்சினை இல்லை.

அடுத்தது பாஸிவ் பெர்செப்ஷன். 10, விஸ்டத்துக்கு 2, ப்ரொஃபிஷியன்சி எக்ஸ்பர்டீஸில் இரட்டித்து 4, ஆக 16. நீங்கள் எழுதிய 12இல் அந்த நாலு விட்டுப்போயிருக்கிறது. பனி மூடிய மலையில் யார் பதுங்கி வந்தாலும் அந்த எண்ணைத்தான் நீங்கள் முதலில் பார்க்கப் போகிறீர்கள். திருத்தி எழுதிவிட்டு மற்ற நாலு ஷீட்டையும் போடுங்கள்.