புதுப்பிப்பு: கோவை வீடும் அப்பாவின் ஸ்கூட்டரும்

கோவைக்குக் குடிவந்த கையோடு அப்பாவின் பழைய டூ-ஸ்ட்ரோக் ஸ்கூட்டர் மேடேறும்போது திணறி நின்றுவிடுவதாகப் போன மாதம் எழுதியிருந்தேன். கார்பரேட்டரைப் பாருங்கள் என்றுதான் பலரும் சொன்னீர்கள். அதில் பெட்ரோல் வரும் சிறு துளையான ஜெட் சுத்தமாகவே இருந்தது. குறை சைலன்சரில்! பெட்ரோலோடு சேர்ந்து எரியும் ஆயிலின் கரி உள்ளே தார்போல இறுகிப் புகை போகும் வழியையே அடைத்திருந்தது. காய்ச்சித் தட்டியதும் கட்டிகட்டியாக உதிர்ந்தது. இப்போது மருதமலை அடிவாரம்வரை நிற்காமல் போய்வருகிறேன், அத்தனை மகிழ்ச்சி.

வீட்டில் சமையலறை மட்டும் ஒழுங்காகியிருக்கிறது.

ஊர் மாறுபவர்கள் கவனியுங்கள்: முகவரி மாற்றத்தை 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும். 15 ஆண்டு கடந்த வண்டியின் பதிவுச் சான்றை (ஆர்.சி.) புதுப்பித்தால் 5 ஆண்டுக்குத்தான் செல்லும். எனக்கு இரண்டும் சேர்ந்து வந்திருக்கின்றன. புதுப்பிப்புக்கான தகுதிச் சோதனைக்கு முன் பிரேக் ஷூ மாற்ற வேண்டும். உக்கடத்தில் நல்லதாகக் கிடைக்குமா?