புதுப்பிப்பு: கொடிவேரிப் படங்களில் இளஞ்சூட்டு நிறம் (மஞ்சள் சாயல்) வந்துவிட்டது

கொடிவேரி அணையில், படத்துக்கு மஞ்சள் சாயல் கூட்டும் 81ஏ ஃபில்டரை லென்ஸில் போட்டும் படங்கள் நீலம் பாய்ந்தே வருகின்றன என்று போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். காரணம் பிடிபட்டது. ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளை வெள்ளையாகத் தெரியும்படி நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு, ஆட்டோவில் இருந்தது. ஃபில்டர் கூட்டிய மஞ்சளை கேமராவே கழித்துவிட்டிருக்கிறது.

நேற்று காலை கோபி பக்கம் நெல் வயல், அப்புறம் அணை. ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ஒயிட் பேலன்ஸை நானே வைத்து, அதன் கெல்வின் எண்ணை 5200-லிருந்து 6000-க்கு ஏற்றினேன். கேமராவில் இந்த எண் ஏற ஏறப் படம் மஞ்சளாகும். கதிரில் விழுந்த இளவெயில் அப்படியே வந்திருக்கிறது, பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது. 7000-க்குப் போனபோது பவானித் தண்ணீரின் வெள்ளை நுரைகூடப் பழுப்பேறிவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. ரா கோப்பாக (நிறத்தைப் பிறகும் மாற்றக்கூடிய மூலக் கோப்பாக) எடுத்திருந்ததால் வீட்டில் சரிசெய்ய முடிந்தது.

அடுத்த வாரம் ஈரோட்டு மஞ்சள் மண்டி. அங்கே 5200-ஐத் தாண்டமாட்டேன், குவித்த மஞ்சள் ஆரஞ்சாகிவிடும்.