சைலன்ட் ஹில் பார்த்தவர்கள் வாருங்கள்: எந்த இடம் இன்னும் விடவில்லை?

மழைக்காகம்

சைலன்ட் ஹில் என்ற வீடியோ கேமை வைத்து 2006-இல் வந்த முதல் பேய்ப்படத்தைத்தான் சொல்கிறேன். 2012-இல் வந்ததைப் பற்றிப் பேச எனக்கு ஒன்றுமில்லை.

முகமில்லாத நர்ஸ்கள், தலையில் பிரமிட் மாதிரி இரும்பு மாட்டிய பிரமிட் ஹெட் என்ற அரக்கன் எல்லாவற்றையும் எப்படியோ தாண்டிவிட்டேன். மாட்டிக்கொண்ட இடம் பள்ளிக்கூடம். ரோஸ் என்ற அம்மா, அந்த ஊரில் காணாமல் போன மகளைத் தேடி அங்கே ஓடுகிறாள். அதே பள்ளிக்கு அவள் கணவன் கிறிஸ்டபரும் போலீஸ்காரரோடு வந்திருக்கிறான். இடம் ஒன்றுதான், உலகம்தான் வேறு. சட்டென்று நிற்கிறான். அவளுடைய சென்ட் வாசனை அடிக்கிறது என்கிறான். ரத்தம் இல்லை, அலறல் இல்லை, அவ்வளவுதான் காட்சி.

என் வீட்டுக்காரர் அப்போது சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார், நான் தனியாக இருந்தேன். படத்தை அங்கேயே நிறுத்திவிட்டு அலமாரிக் கதவைச் சாத்தப் போனேன். அது ஏற்கெனவே சாத்தித்தான் இருந்தது. மீதியை மறுநாள் பகலில், குக்கர் விசிலுக்கு நடுவே பார்த்து முடித்தேன். அவர் ஊருக்கு வந்தபோது இதைச் சொன்னால் சிரித்தார். எனக்கு இன்னும் சிரிப்பு வரவில்லை.

உங்களுக்கு எந்த இடம்?

பழைய மெமரி கார்டு

எனக்கு பயம் இல்லை, கோபம்தான்.

இரண்டாவது கேமை பிளேஸ்டேஷன் 2-இல், மணிக்கு இவ்வளவு என்று வாடகை கொடுத்து விளையாடியவன் நான். அதில் பிரமிட் ஹெட்டை முதலில் எங்கே பார்ப்போம் என்று விளையாடியவர்களுக்குத் தெரியும். அந்த அடுக்குமாடி வீட்டின் தாழ்வாரத்தில், கம்பிகளுக்கு அந்தப் பக்கம், மங்கிய சிவப்பு வெளிச்சத்தில் நிற்கும். துரத்தாது, கத்தாது, சும்மா நிற்கும். கையில் கன்ட்ரோலரை வைத்துக்கொண்டு நானும் சும்மா நின்றேன். கடைக்காரர் வந்து, "என்ன தம்பி, ஹேங் ஆயிடுச்சா?" என்று கேட்டார்.

அந்த உருவம் அந்த கேமின் நாயகன் ஜேம்ஸின் குற்ற உணர்ச்சி. அவனுக்காக மட்டுமே உள்ள தண்டனை. படத்திலோ ஜேம்ஸே இல்லை. அப்புறம் அது யாருக்காக அங்கே சுற்றுகிறது? தேவாலயப் படிக்கட்டில் ஒரு பெண்ணைப் பிடித்துத் தோலை உரிக்கிறது, தியேட்டரில் கைதட்டுகிறார்கள். எனக்கு எழுந்து போய்விடலாம் என்று இருந்தது. போகவில்லை, காரணம் இசை. அகிரா யமாவோக்கா கேமுக்குப் போட்டதையே படத்திலும் எடுத்துப் பயன்படுத்தியிருந்தார்கள். கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ரிங் ஸ்பின்னர்

மெமரி கார்டு அண்ணா, ஜேம்ஸுக்குக் குற்ற உணர்ச்சி இருந்தால் அந்த ஊரில் வேறு யாருக்கும் இருக்கக் கூடாதா? படத்தில் ஒரு ஊரே சேர்ந்து ஒரு சிறுமியைச் சூனியக்காரி என்று சொல்லித் தீயில் போட்டிருக்கிறது. தண்டிக்க ஆள் வரத்தானே செய்யும்.

சரி, என் கதை. எங்கள் ஊரில் மில் சங்கு ஊதும். ஷிப்ட் மாறும்போது ராத்திரியிலும் ஊதும். பிறந்ததிலிருந்து கேட்டதால் காதில் விழுவதே இல்லை. லீவுக்கு வந்திருந்தபோது மொட்டை மாடியில் தம்பியோடு லேப்டாப்பில் இந்தப் படம் பார்த்தேன். ரோஸ் படிக்கட்டில் இறங்குகிறாள், படத்தில் சைரன் ஆரம்பிக்கிறது, இருட்டு வருகிறது, தீக்கங்கு மாதிரி உடம்போடு அந்தக் குழந்தைகள் நாலாபக்கமும் வருகிறார்கள். அவள் சுருண்டு விழுந்து, பிறகு கண் விழித்த இடத்தில் நாங்களும் கொஞ்சம் மூச்சு விட்டோம். அப்போது எங்கள் மில் சங்கு ஊதியது.

தம்பி செருப்பைக்கூடப் போடாமல் இறங்கி ஓடிவிட்டான். நான் ஓடவில்லை, கால் வரவில்லை. அதன்பிறகு அந்தச் சங்கு ஒவ்வொரு முறையும் காதில் விழுகிறது. மில் மூடி வருஷக்கணக்காகிறது, சங்கும் நின்றுவிட்டது. அந்த நேரத்துக்கு இப்போதும் விழிப்பு வருகிறது.

நிலக்கரி நாடோடி

"உண்மைக் கதையாம்" என்று இந்தப் படத்தைப் பற்றிப் பேசும் எல்லா இடத்திலும் ஒருவர் ஆரம்பிப்பார். இங்கே இன்னும் வரவில்லை, அதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

கதை உண்மை இல்லை. திரைக்கதை எழுதிய ரோஜர் ஏவரி, தரைக்கடியில் நிலக்கரி எரியும் ஊர் என்ற விஷயத்தை மட்டும் பென்சில்வேனியாவின் சென்ட்ரேலியாவிலிருந்து எடுத்தார். படத்தில் ஊர் வெஸ்ட் வர்ஜீனியாவில் இருக்கிறது. முதல் கேமில் அந்த நிலக்கரித் தீயும் சாம்பலும் கிடையாது, மூடுபனிதான். அந்த மூடுபனியும் பழைய பிளேஸ்டேஷனால் தூரத்தில் உள்ள தெருவை வரைந்து காட்ட முடியாததை மறைத்தது. படம் அதைச் சாம்பலாக்கிவிட்டது.

நான் நியூ ஜெர்சியில் இருந்தபோது ஒரு சனிக்கிழமை சென்ட்ரேலியாவுக்குக் கார் ஓட்டிக்கொண்டு போனேன். 1962-இல் பிடித்த தீ இன்னும் அடியில் எரிகிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இருந்த ஊர். 1981-இல் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் பாட்டி வீட்டுப் பின்புறத்தில் நின்றுகொண்டிருக்கும்போதே தரை பிளந்து உள்ளே போனான். உறவுக்காரப் பையன் இழுத்துக் காப்பாற்றினான். 1984-இல் அமெரிக்க நாடாளுமன்றம் 4 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது, ஜனங்கள் கிளம்பினார்கள். 2002-இல் தபால் துறை ஊரின் பின்கோடையே எடுத்துவிட்டது.

பேயைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். புகையும் நான் போன அன்று இல்லை. தெருக்கள் ஒழுங்காக இருக்கின்றன, நடைபாதை ஓரக்கல் இருக்கிறது, கார் ஏறி இறங்கச் சரிவு இருக்கிறது, அதற்குப் பின்னால் வீடு இல்லை, மரம். குன்றின் மேல் ஒரு வெள்ளைத் தேவாலயம் மட்டும் நன்றாகப் பராமரிக்கப்பட்டு நிற்கிறது.

கைவிட்ட பழைய நெடுஞ்சாலையில் கல்லூரிப் பையன்கள் அட்டையில் பிரமிட் ஹெட் செய்து தலையில் மாட்டிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெரியவர் பிக்அப் வண்டியை மெதுவாக்கி என்னைப் பார்த்து, "நீயும் அந்த சினிமாவுக்காகத்தான் வந்தாயா?" என்றார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் அங்கே இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர் அதில் ஒருவரா என்று கேட்கத் தோன்றவில்லை. அந்தச் சாலையையும் 2020-இல் மண் கொட்டி மூடிவிட்டார்கள்.

ஸ்கார்பரோ பின்வாங்கு

நாடோடிக்கு: படம் எடுத்தது எங்கட பக்கம், ஒன்டாரியோவில். ஊர்த் தெரு என்று நீங்கள் பார்ப்பதில் பெரும்பகுதி பிரான்ட்ஃபோர்ட் நகரம். அந்தத் தெருவின் ஒரு பக்கத்துப் பழைய கட்டடங்களை, நாற்பதுக்கும் மேலே, 2010-இல் இடித்துப்போட்டார்கள். படத்துக்காகச் செட் போட்டு வெறுமையாக்கினது கொஞ்சம்தான், அந்த நேரத்தில் அங்கே கனக்கக் கடைகள் உண்மையிலேயே பூட்டித்தான் கிடந்தன.

நான் சொல்ல வந்தது அம்மாவைப் பற்றி. பேய்ப்படம் என்றாலே எழும்பிப் போகிறவர். அன்றைக்கு வெளியில் பனி, போக இடமில்லை, சோபாவில் இருந்து மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தார். ரோஸ் கார் மோதி மயங்கி, விழித்து, அந்த ஆளில்லாத் தெருவில் நடக்கிற இடம் வந்தது. கத்தி நின்றுவிட்டது. "சனம் எல்லாம் எங்கே போனது?" என்று கேட்டார். "ஓடியிருப்பினம் அம்மா" என்றேன். "சாமான் எடுக்க நேரம் குடுத்தவங்களோ?" என்றார்.

1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தை விட்டு ஒரே இரவில் வெளிக்கிட்டவர் அவர். பிறகு வந்த நர்ஸ், பூச்சி, கம்பி ஒன்றுக்கும் அவர் அசையவில்லை. "இதெல்லாம் சும்மா" என்று விட்டு மரக்கறியை முடித்தார்.

ஜாய்ஸ்டிக் சித்தப்பா

எல்லாரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். நான் பார்த்தது ஹாஸ்டலில். ரோஸ் டார்ச்சை அணைத்துவிட்டு நர்ஸ்களுக்கு நடுவே நுழையும்போது கரண்ட் போனது, லேப்டாப் மட்டும் ஓடியது. அறையில் இருந்த அத்தனை பேரும் அவளோடு சேர்ந்து மூச்சைப் பிடித்தோம். அவ்வளவுதான் என் கதை.

இனி புதிதாக ஆரம்பிப்பவர்களுக்குச் சில விஷயம். முதலில் படம் பார்க்காதீர்கள், கேம் ஆடுங்கள். முதல் கேம் 1999, அதில் ஹாரி என்ற அப்பா மகளைத் தேடுகிறார், அதைத்தான் படத்தில் ரோஸ் என்ற அம்மாவாக மாற்றினார்கள். ஹாரி நடந்துகொள்வது தாய் மாதிரி இருக்கிறது என்று இயக்குநர் கிறிஸ்டோஃப் கான்ஸ் நினைத்தார். இரண்டாவது கேம் 2001, இதன் கதை தனி, முதலாவது ஆடாமலும் ஆடலாம். பழைய கேம்களை மெருகேற்றி 2012-இல் விட்ட எச்.டி. தொகுப்பை வாங்காதீர்கள், மூடுபனியையே கெடுத்து வைத்திருக்கிறார்கள், ஏரிக்கரையில் தண்ணீர் முடிகிற விளிம்பு தெரியும். இரண்டாவது கேமை மறுபடி செய்து 2024-இல் விட்ட ரீமேக் நன்றாக இருக்கிறது, ஆனால் நல்ல கிராபிக்ஸ் கார்டு வேண்டும், இல்லாவிட்டால் திக்கித் திக்கி ஓடும். ஹெட்போன் கட்டாயம். பிரைட்னஸைக் கூட்டாதீர்கள். கேமில் வரும் ரேடியோ கரகரத்தால் பக்கத்தில் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம், ஓடாதீர்கள், முதலில் எந்தப் பக்கம் என்று பாருங்கள். குண்டுகளைச் சேர்த்து வையுங்கள், தடியால் அடித்தே பாதி தூரம் போய்விடலாம். சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேண்டாம். ராத்திரி சாப்பிட்டவுடன் வேண்டாம். இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்கள்

பழைய மெமரி கார்டு

சித்தப்பா, போதும். யார் கேட்டது?

ஸ்பின்னர் தம்பிக்கு: ஊர் செய்த பாவத்துக்குத் தண்டனை என்றால், அந்தப் படிக்கட்டில் மாட்டிய அன்னாவுக்கு என்ன வயது? சிறுமியை எரித்தபோது அவள் பிறந்தே இருக்க மாட்டாள். அதுதான் சொல்கிறேன், அழகாக இருக்கிறதே என்று பிரமிட் ஹெட்டைக் கேமிலிருந்து தூக்கி வைத்துவிட்டார்கள்.

இதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். அது கம்ப்யூட்டரில் வரைந்தது இல்லை. ரொபெர்ட்டோ காம்பனெல்லா என்ற நடனக்காரர் அந்தக் கனமான வேஷத்தைப் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறார். நர்ஸ்களும் நடனக்காரர்கள்தான். அதனால்தான் அந்த உடைந்த அசைவு வயிற்றைப் பிசைகிறது.

ரிங் ஸ்பின்னர்

அன்னா பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் அவள் அந்தக் கும்பலோடு சேர்ந்துதானே தேவாலயத்தில் இருக்கிறாள், எரிக்கப்பட்ட சிறுமியின் அம்மா டாலியா மீது கல்லெறிகிறாளே?

மழைக்காகம்

சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்கார்பரோவின் அம்மா கேட்ட கேள்வியைப் படித்ததும் எனக்குக் கடைசிக் காட்சி ஞாபகம் வந்தது, அதையும் கேட்டுவிடுகிறேன். ரோஸும் மகளும் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். வீடு முழுக்க அந்த வெளிறிய பனி. கிறிஸ்டபர் அதே வீட்டில், வேறு உலகத்தில், தனியாக. கதவு திறக்கிற மாதிரி இருக்கிறது, எழுந்து போய்ப் பார்க்கிறான், யாரும் இல்லை. என் வீட்டுக்காரர், "அவர்கள் ரெண்டு பேரும் கார் மோதியபோதே செத்துவிட்டார்கள்" என்கிறார். நான் இல்லை என்கிறேன்.

நிலக்கரி நாடோடி

செத்திருந்தால் கிறிஸ்டபரும் போலீஸும் ஊரைத் தேடும்போது உடம்பு கிடைத்திருக்குமே. கார் கிடைத்தது, ஆள் இல்லை.

ஸ்கார்பரோ பின்வாங்கு

அப்படியென்றால் ரோஸ் வீட்டுக்கு ஓட்டி வந்தது எந்தக் கார்?